மறி நின்ற இடம்

றொக்கி மலையில் இரண்டு காட்டாட்டுக் கிடாய்கள் முட்டிக்கொண்ட கதையைச் சண்முகலிங்கம் சொல்லத் தொடங்கினார் என்றால், கேட்பவர் கையிலிருக்கும் தேநீரில் ஏடு படர்ந்துவிடும். நவம்பரில் பார்த்துவிட்டு வந்தது. தை பிறந்தும் கதை ஓயவில்லை. ரொக்ஸ்பரோவில் அவர் வீட்டுக்கு வந்த எவரும் அதைக் கேளாமல் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வெளியே போனதில்லை. முதலில் சொன்னபோது கிடாய்கள் வீதியிலிருந்து நல்ல தூரத்தில் நின்றன. டிசம்பரில் நத்தார் வந்தபோது வீதியோரத்துக்கு வந்திருந்தன. இப்போது அவை காரின் முன்கண்ணாடியிலேயே மூச்சு விட்டுக்கொண்டு நின்றன.

அவரையும் குறை சொல்ல முடியாது. பாடசாலை பஸ் ஓட்டுகிற மனிதர். விடிய எழும்பி, கண்ணாடியில் உறைந்த ஐஸைச் சுரண்டி, பஸ் நிறையப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறார். அதுகள் தங்களுக்குள் பிரெஞ்சில் கூச்சல் போடும். இவரோடு பேசுவது 'போன்ஜூர்' ஒன்றுதான். கிழமை முழுக்க வாயில் சேர்ந்த கதையை அவர் சனி ஞாயிறில்தான் இறக்கிவைக்க வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை அகப்பட்டவர்கள் தேவதாசனும் அவர் மனைவி பாலாம்பிகையும். மகன் டனிஸ்ரனின் கலியாண அழைப்பிதழோடு கர்க்லாண்டிலிருந்து வந்திருந்தார்கள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

“கொம்பெண்டா கொம்பு, தேவதாசன்! நெத்தியிலையிருந்து கிளம்பி, காதைச் சுத்தி, திரும்பக் கன்னத்துக்கு வந்து நிக்குது. இப்பிடி ரெண்டு கிடாய். ரெண்டும் எதிரெதிரா நடந்து போகுதுகள், கோவிச்சுக்கொண்டு போறமாதிரி. போய்த் திரும்பி, பின்னங்காலிலை எழும்பி ஒரு ஓட்டம். டமாரெண்டொரு சத்தம்! மலையிலை பட்டுத் திரும்பி வருது. நான் ஷெல் விழுந்திட்டுதெண்டு காருக்குப் பக்கத்திலை குந்தீட்டன்.”

“குந்தினனீங்களோ?” தேவதாசன் சிரித்தார்.

“இவ சாட்சி. கேளும் இவவை.”

மனைவி இந்திராதேவி பொரித்த ரோல்ஸ் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். “ஓம், குந்தினவர்,” என்றாள். அந்தக் கதையில் அவளுக்கு இருந்த வேலை அவ்வளவுதான். எத்தனையோ முறை அந்த 'ஓம்'-ஐச் சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்ச் சும்மா நிற்பாள். அவர் சொன்னது பொய் இல்லை. ஆனால் அதே மலையில், அதே நேரத்தில் அவள் பார்த்தது வேறு.

மகள் வினோஜா கலியாணம் முடித்துக் கல்கரிக்குப் போய் இரண்டு வருடம். மருமகன் பிருந்தன் அங்கே புது வீடு வாங்கினான். அதன் குடிபூரலுக்குத்தான் இருவரும் பறந்து போனார்கள். பால் காய்ச்சி, வந்த சனத்துக்குச் சாப்பாடு போட்டு, மறுநாள் மலை காட்ட மருமகன் கூட்டிக்கொண்டு போனான். வழியில் நிறையக் கார்கள் ஓரங்கட்டி நின்றன. கிடாய்கள் முட்டுகின்றன என்று யாரோ சொல்ல, சண்முகலிங்கம் போனைத் தூக்கிக்கொண்டு ஓடினார். தாயும் மகளும் பின்னால் நின்றார்கள்.

இந்திராதேவிக்கு முட்டுச் சண்டையில் பெரிய ஈடுபாடு இல்லை. அவள் கண் பக்கத்துப் பாறைக்குப் போனது. அங்கே ஒரு மடிப்பில் ஒரு மறி, பெட்டை ஆடு, பின்பக்கத்தைக் கல்லோடு ஒட்டிக்கொண்டு நின்றது. அதற்கு முன்னால் ஒரு கிடாய். அவ்வளவு பெரிய கிடாயும் இல்லை. கீழே புல்லில் மற்ற மறிகள் மேய்ந்துகொண்டிருந்தன. அதுகளைப் பார்த்து இது ஒரு அடி எடுத்து வைத்தது. கிடாய் தலையைத் தாழ்த்தி விலாவில் ஒரு இடி இடித்தது. மறி கத்தவில்லை. பழைய இடத்துக்குப் போய் நின்றது. கொஞ்சம் பொறுத்து, கிடாய் வேறெங்கோ பார்க்கிறது என்று நினைத்து, மற்றப் பக்கத்தால் இறங்கப் பார்த்தது. திரும்ப இடி. இந்த முறை முன்னங்கால் மடிந்து விழுந்து எழும்பியது. இந்திராதேவி மகளின் தோளைத் தொட்டாள்.

“ஏன் பிள்ளை அது உப்பிடிச் செய்யுது?”

பக்கத்தில் பெரிய கமராவோடு நின்ற வெள்ளைக்காரரிடம் வினோஜா கேட்டுச் சொன்னாள். “பெரிய கிடாயளோடை முட்டி வெல்ல உதாலை ஏலாதாம் அம்மா. அதாலை ஒரு மறியைத் தனியப் பிரிச்சுக் கொண்டுவந்து, மூலையிலை விட்டு மறிச்சுக்கொண்டு நிக்குமாம். நாள்க்கணக்கா நிக்குமாம்.”

“அறுவான். அதைத் தின்னக் குடிக்க விடாதோ?”

“தின்னலாம். அதுக்குள்ளை நிண்டு தின்னலாம்.”

சொல்லிவிட்டு வினோஜா தாயின் கோட்டுப் பைக்குள் தன் கையை விட்டாள். கையுறை போடாத கை, விறைத்திருந்தது. சின்ன வயதில் பஸ் தரிப்பில் நிற்கும்போதும் அவள் இப்படித்தான் செய்வாள்.

“அம்மா, நான் உங்களோடை ஒரு விசயம்...”

“வினோ!” காரிலிருந்து பிருந்தன் கூப்பிட்டான். கோபமாக இல்லை, நல்ல பண்பாகத்தான். “காணும், வாங்கோ. மாமிக்குக் குளிர் பிடிச்சிடும்.”

பைக்குள் இருந்த கை உடனே வெளியே போனது. அப்படி ஒரு உடனே. வாயில் இருந்த சொல்லை முடிக்கக்கூட அவள் நிற்கவில்லை. அடுத்த நாள் விமானம். அதற்குப் பிறகு தாயும் மகளும் தனியே ஒரு சொல் பேசவில்லை.

ஏன் பேசவில்லை, கையில்தானே போன் இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் இந்தக் குடும்பம் ஏமாந்தது. யாழ்ப்பாணத்து மருமகன்மார் மாமியோடு கதைப்பது குறைவு. வந்தால் மாமனோடு இரண்டு சொல், மாமியிடம் ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். பிருந்தன் அப்படியில்லை. ஞாயிறு தவறாமல் அவனே போன் எடுப்பான். ஸ்பீக்கரில் போடுவான். “மாமி, சுகமா? கால் நோவு எப்பிடி? இஞ்சை வினோவும் பக்கத்திலைதான் இருக்கிறா, கதையுங்கோ.” கடைசிவரை கூடவே இருப்பான். கிழமை நாளில் இந்திராதேவி போன் அடித்தால் வினோஜா எடுக்க மாட்டாள். பிறகு பின்னேரம் இருவருமாகத் திருப்பி எடுப்பார்கள். மாமியோடு இவ்வளவு மரியாதையாகக் கதைக்கிற பிள்ளை வேறெங்கே கிடைக்கும் என்று டொலார்ட் முருகன் கோயிலில் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டும்போது இந்திராதேவியே பெருமை பேசியிருக்கிறாள். மற்றப் பெண்களும் பெருமூச்சு விட்டிருக்கிறார்கள். மலையில் அந்த மறியைப் பார்த்த பிறகுதான் அவளுக்குக் கணக்குப் பிழைத்தது.

இப்போது பாலாம்பிகை கேட்டாள். “வினோஜா கலியாணத்துக்கு வருவாள்தானே இந்திராக்கா? டனிஸ்ரனோடை ஒண்டாப் படிச்ச பிள்ளை.”

சண்முகலிங்கம் முந்திக்கொண்டார். “வராமல்? மருமகன் கூட்டிவருவார். அவளைத் தனிய எங்கையும் விடமாட்டார். தங்கமான மனிசன்.”

“நானும் ஒரு கதை சொல்லட்டோ?” என்றாள் இந்திராதேவி.

மூவரும் அவளைப் பார்த்தார்கள். அவள் குசினி வாசலில் நின்றபடியே சொன்னாள். பாறை மடிப்பு, மறி, இடி, மடிந்த கால், எல்லாம். அவளுக்குக் கூட்டிக் குறைத்துச் சொல்லத் தெரியாது. கண்டதைக் கண்டபடி சொன்னாள். “நாங்கள் வெளிக்கிடும்வரைக்கும் அது அதிலைதான் நிண்டது. கீழை மற்றதுகள் மேயுதுகள். பாத்துக்கொண்டு நிண்டது,” என்று முடித்தாள்.

“அது மிருகம்தானே அக்கா,” என்றார் தேவதாசன். “அதுகளின்ரை குணம் அது.”

“சண்டையைப் பாக்க வந்த ஆக்கள் ஒருத்தரும் அந்தப் பக்கம் திரும்பேல்லை, அதைத்தான் சொல்லுறன்.”

பாலாம்பிகை போகும்போது வாசலில் குந்தியிருந்து சப்பாத்தைக் கட்டிக்கொண்டு, ஆண்கள் காரில் விழுந்த பனியைத் தட்டப் போனதும், மெல்லக் கேட்டாள்.

“பிள்ளை உங்களோடை தனியக் கதைக்கிறேல்லையோ அக்கா?”

“இல்லை.”

“வேலைக்குப் போறாளோ?”

“பேந்து பாப்பம் எண்டு மருமகன் சொன்னவராம்.”

“கார்?”

“றோட்டுச் சறுக்குமெண்டு அவரே எல்லா இடமும் ஏத்திக்கொண்டு போறாராம்.”

பாலாம்பிகை எழும்பி இந்திராதேவியின் கையைப் பிடித்தாள். “நீங்கள் கேளுங்கோ அக்கா. ஒருத்தரும் கேளாட்டில் அதுகள் சொல்லாதுகள்.”

அவர்கள் போன பிறகு வீட்டில் சண்டை நடந்தது. சண்டை என்றால் சண்முகலிங்கம் கதைத்தார், இந்திராதேவி கோப்பைகளைக் கழுவினாள்.

“வந்த ஆக்களுக்கு முன்னாலை ஏனப்பா உந்தக் கதை? தேவதாசன் என்ன நினைச்சிருப்பான்? அடிச்சவரோ பிருந்தன்? குடிக்கிறவரோ? ஒரு குறை சொல்லும் பாப்பம்.”

“குறை எண்டு சொல்லத் தெரியாமல்தான் பிள்ளையும் நிக்கிறாள்.”

“அவள் உமக்குச் சொன்னவளோ?”

“சொல்ல வந்தவள். அவர் கூப்பிட்டிட்டார்.”

“குளிருக்கை நிண்டா ஆரும் கூப்பிடுவினம். என்ரை தங்கச்சி நாலு இடம் விசாரிச்சுச் செய்த கலியாணம். ஆட்டைப் பாத்திட்டு வந்து பிள்ளையின்ரை குடும்பத்தைக் குலைக்கப் போறீர் நீர்.”

அவர் நிலவறைக்கு இறங்கித் தொலைக்காட்சியைப் போட்டார். நல்ல மனிதர்தான். கல்கரி விமான நிலையத்தில் மகளைப் பிரியும்போது மூக்கைச் சிந்திச் சிந்தி, தடிமன் என்று சொன்னவர். ஆனால் கட்டிக்கொடுத்த பிள்ளையைப் பற்றி ஒரு வில்லங்கத்தை நினைத்துப் பார்க்க அவருக்குப் பயம். பயத்தை அவர் கோபமாகத்தான் காட்டுவார்.

மறுநாள் ஞாயிறு. போன் வந்தது.

“மாமி, சுகமா? அங்கை ஸ்நோ கொட்டுதாம்?”

“ஓம் தம்பி. வினோ நிக்கிறாளோ?”

“பக்கத்திலைதான். கதையுங்கோ.”

“அம்மா,” என்றாள் வினோஜா.

அந்த ஒரு சொல்லைக் கேட்டதும், யோசித்து வைத்திருந்ததெல்லாம் இந்திராதேவிக்குப் போய்விட்டது. சுற்றி வளைத்துக் கேட்க நினைத்திருந்தாள். நேரே சொன்னாள்.

“வினோ, உன்ரை அறை சும்மாதான் கிடக்கு. புதுப் போர்வை போட்டிருக்கிறன். நீ வாறதெண்டா வா, பிள்ளை. எப்ப வேணுமெண்டாலும் வா. ஏனெண்டு நான் கேக்கமாட்டன்.”

 அந்தப் பக்கம் பிருந்தன் சிரித்தான்.

“என்ன மாமி, திடீரெண்டு? வினோவுக்கு இஞ்சை என்ன குறை?”

“குறை எண்டு நான் சொல்லேல்லைத் தம்பி. நீங்களும் கேக்கத்தான் சொன்னனான். தாய் வீட்டுக்கு வாறதுக்குக் குறை இருக்கவேணுமெண்டில்லைத்தானே.”

“அது சரி மாமி. பேந்து எடுக்கிறம்,” என்றான் அவன். அப்போதும் மரியாதைதான்.

சொன்னபடி அவன் பிறகு எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறும் எடுக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறு இந்திராதேவி எடுத்தாள். மணி அடித்து அடித்து நின்றது. சண்முகலிங்கத்தின் தங்கை மட்டும் ரொறன்ரோவிலிருந்து எடுத்து, “அண்ணி என்னவோ கதைச்சுப்போட்டாவாம், மருமகன் மனம் நொந்திட்டாராம்,” என்று அவருக்கு ஓதினாள். அவர் மனைவியோடு பேசுவதை நிறுத்தினார். உப்புப் போத்தல் வேண்டுமென்றாலும் தானே எழும்பி எடுத்தார்.

இந்திராதேவிக்கு வேலை டொலார்டில் ஒரு கார்டெறியில், குழந்தைகள் காப்பகத்தில், சமையல். வந்து சேர்ந்த புதிதில் பிள்ளைகளுக்கு என்ன சமைப்பது என்று தெரியாமல் திண்டாடியவள், இப்போது இறைச்சிக்கு மேல் சோளம், சோளத்துக்கு மேல் மசித்த உருளைக்கிழங்கு என்று அடுக்கி அவிக்கிற பாதே-சினுவாவை இந்த ஊர்க்காரர்களைவிட நன்றாகச் செய்வாள். அந்தப் பெப்ரவரியில் அவள் கை தன்பாட்டில் உருளைக்கிழங்கு சீவியது. ஏப்ரன் பைக்குள் போன் வைத்திருக்கக்கூடாது என்று சட்டம், வைத்திருந்தாள். ஒவ்வொரு முறை அது அதிர்ந்தபோதும் கத்தியை வைத்துவிட்டுப் பார்த்தாள். ஒருமுறைகூட வினோஜா இல்லை.

பின்னேரம் அவள் பாத்திரம் கழுவி வெளிக்கிடும் நேரம் தாய்தகப்பன்மார் வரத் தொடங்குவார்கள். பனிக்கோட்டும் தொப்பியுமாகப் பிள்ளைகள் வாசலில் வரிசையாக இருப்பார்கள். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, ஒவ்வொன்றாக எழும்பி ஓடும். முந்தியெல்லாம் அதைக் கவனியாமல் பஸ்ஸுக்கு ஓடுகிறவள். இப்போது கடைசிப் பிள்ளை போகும்வரை சுவரில் சாய்ந்துகொண்டு நின்றாள். ஒரு பிள்ளையும் மிச்சமில்லாமல் எல்லாருக்கும் ஆள் வந்தது. கல்கரிப் பக்கம் நினைத்துக்கொண்டு, யாரும் பார்க்காமல் கண்ணைத் துடைத்தாள். தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் கிழமைக்கு ஒருமுறை அந்தக் குரலாவது கிடைத்திருக்கும் என்றும் நினைத்தாள். அந்த நினைப்புத்தான் அவளை அதிகம் தின்றது.

ஒரு புதன்கிழமை, கரட் வெந்துகொண்டிருக்க, அலுவலகத்து மதாம் குசினி வாசலில் வந்து நின்றார். “இந்திரா, தொலைபேசி. உன் மகளாம்.”

கையைத் துடைக்காமல் ஓடினாள்.

“அம்மா, நான் லைப்ரரியிலையிருந்து எடுக்கிறன். உங்கடை வேலையிடத்து நம்பரை இன்ரநெற்றிலை தேடி எடுத்தனான்.”

“பிள்ளை! சொல்லு பிள்ளை.”

“நீங்கள் அண்டைக்குச் சொன்னது... இப்பவும் அப்பிடித்தானோ?”

“எது?”

“வாறதெண்டா வா எண்டது.”

“ஓம். ஓம் வினோ. ஓம்.”

வினோஜா அழவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. “அவர் அடிக்கிறேல்லை அம்மா. ஆனா என்னாலை மூச்சுவிட ஏலாமல் கிடக்கு. கடைக்குப் போனாலும் எங்கை நிக்கிறாய், ஆரோடை நிக்கிறாய். நீங்கள் சொன்ன நாளையிலையிருந்து போனையும் வாங்கி வைச்சிருக்கிறார். இண்டைக்கு இரவு பிளேன் ஒண்டு கிடக்கு. விடியத்தான் வந்து சேரும். பக்கத்து வீட்டு மனிசி எயாப்போட்டிலை கொண்டுபோய் விடுறனெண்டவ.”

“வா பிள்ளை. உடுத்த உடுப்போடை வா.”

“அம்மா... அப்பாவும் ஓமெண்டவரோ?”

இந்திராதேவி சுவரைப் பார்த்தாள். பிள்ளைகள் வரைந்த பனிமனிதர்கள் வரிசையாக ஒட்டியிருந்தார்கள்.

“ஏன் அப்பிடிக் கேக்கிறாய்?”

“கலியாணத்தண்டு மண்டபத்திலை வைச்சு அப்பா சொன்னவரெல்லே, இனி வாறதெண்டா ரெண்டு பேராத்தான் எங்கடை வாசல் மிதிக்கவேணும், தனிய வந்தா கதவு திறக்கமாட்டனெண்டு. எனக்கு ஒவ்வொருக்காலும் வெளிக்கிடுவமெண்டு நினைக்கேக்கை அதுதான் காதிலை கேக்கிறது.”

“அப்பாவும் ஓமெண்டவர்,” என்றாள் இந்திராதேவி. வாழ்நாளில் இவ்வளவு வேகமாக அவள் பொய் சொன்னதில்லை. “அவர்தான் முதல் சொன்னவர். வா.”

மதாம் ஒன்றும் கேட்காமல் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இந்திராதேவி குடித்துவிட்டுப் போய்க் கரட்டை இறக்கினாள். பிள்ளைகளுக்குப் பசிக்கும்.

அவள் வீட்டுக்கு வந்தபோது சண்முகலிங்கம் பின்னேர ஓட்டம் முடித்து வந்து, குசினி மேசையில் தானே போட்ட தேநீரோடு இருந்தார். பேசாத மனிதரோடு எங்கே தொடங்குவது? கோட்டைக் கழற்றாமலே முன்னால் நின்றாள்.

“வினோ எடுத்தவள். இண்டைக்கு இரவு ஏறுறாள். தனிய வாறாள்.”

அவர் கோப்பையை வைத்தார். முகம் சிவந்தது. “என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறீர்! தங்கச்சிக்கு நான் என்ன...”

“நான் ஒரு பொய்யும் சொல்லிப்போட்டன். நீங்கள் ஓமெண்டனீங்கள் எண்டு.”

“நானோ? என்னை ஏன் இழுத்தனீர்?”

“அவள் கேட்டவள், அப்பாவும் ஓமெண்டவரோ எண்டு. கலியாணத்தண்டு நீங்கள் சொன்னனீங்களாம், தனிய வந்தா கதவு திறக்கமாட்டனெண்டு. அதை நினைச்சுத்தான் இவ்வளவு நாளும் வெளிக்கிடாமல் இருந்தவளாம்.”

சண்முகலிங்கம் வாயைத் திறந்தார். ஊர் முழுக்கக் கதை சொல்லித் திரிகிற மனிதருக்கு ஒரு சொல் வரவில்லை. சட்டைப் பையில் எதையோ தேடுகிறவர்போல் தடவினார்.

“எல்லாத் தகப்பன்மாரும் சொல்லுறதுதானே,” என்றார் கடைசியில். “சனம் சிரிக்கட்டுமெண்டு சொன்னனான். பகிடிக்கு. சனம் சிரிச்சதெல்லே?”

“சிரிச்சது.”

“அவளும் சிரிச்சவள். நான் பாத்தனான்.” தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார். “என்ரை பிள்ளை, நான் கதவு திறப்பனோ எண்டு உம்மட்டைக் கேட்டவளோ? என்னட்டை வர, கேட்டுத்தான் வரவேணுமெண்டு இருந்தவளோ?”

 அவர் மேசையில் கையை ஊன்றி எழும்பினார். கோட்டை மாட்டினார், சப்பாத்தைத் தேடினார், இடது வலது மாறிப் போட்டுக் கழற்றித் திரும்பப் போட்டார். சுவரில் கொழுவியிருந்த கார்த் திறப்பை எடுத்தார்.

“எங்கை வெளிக்கிடுறியள்?”

“டோர்வாலுக்கு. எயாப்போட்டுக்கு.”

கல்கரியில் அவள் இன்னும் வீட்டைவிட்டே வெளிக்கிட்டிருக்க மாட்டாள், விமானம் விடியத்தான் வரும் என்று சொல்ல இந்திராதேவி வாயெடுத்தாள். வாசற்கதவை அகலத் திறந்தபடியே விட்டுவிட்டு, அவர் கொட்டுகிற பனிக்குள் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார். அவள் தன் கைப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள்.